குவார்ட்டர் விலையும் நாட்கூலியும்: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து மதுவிலைக் கொள்கை பற்றிய ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விலையை அரசே தீர்மானிக்கிறது. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையையும் ஏற்றுக்கொண்டது. அன்று முதல் வரி விதிப்பவரும் கடை நடத்துபவரும் ஒருவரே. ஆகவே விலை உயரும்போதெல்லாம் இரண்டு நியாயங்கள் முன்வைக்கப்படுகின்றன. குடிப்பழக்கம் குறையும் என்பது ஒன்று. நலத்திட்டங்களுக்குப் பணம் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எது உண்மையில் நிறைவேறுகிறது என்பதைக் கிராமத்துக் கூலியை அளவுகோலாகக் கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஏரிப்பாசன நெல் வேளாண்மை, சாலவாக்கம் பக்கத்துக் கல்குவாரிகள், ஒரகடம் ஆலைகளுக்கு வேனில் போய்வரும் ஒப்பந்த வேலை என மூன்று வகை உழைப்பையும் நம்பியிருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரம் இதற்குப் பொருத்தமான களம். இப்போது நடைமுறையில் இருக்கும் விலையேற்ற முறை குடியைத் தடுக்கும் கருவியாக இயங்கவில்லை. கூலி உயர்வின் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியாகவே இயங்குகிறது என்பது என் வாதம்.

முதலில் விலைகளைப் பார்ப்போம். 2020 மே மாதத்தில், ஊரடங்குக்கு நடுவே கடைகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, சாதாரண ரகத்தில் 180 மில்லி குவார்ட்டர் 10 ரூபாய் ஏறி 120 ரூபாய் ஆனது. 2022 மார்ச்சில் அது 130 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரி 1 முதல் 140 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 2020-21இல் 256 ரூபாய், 2022-23இல் 281, 2023-24இல் 294. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு குவார்ட்டருக்கு ஆகும் செலவு நாட்கூலியில் முறையே 47, 46, 48 விழுக்காடு. மூன்று முறை விலை ஏற்றியும் கூலியோடு ஒப்பிட்ட விலை நின்ற இடத்திலேயே நின்றது. பின்னர்க் கூலி 319 ஆகவும் 2025-26இல் 336 ஆகவும் உயர்ந்ததைக் கொண்டு பார்த்தால், 140 ரூபாய் என்பது 42 விழுக்காடாக இறங்குகிறது. குடிப்பவரைத் தயங்கவைக்கும் விலையேற்றம் என்றால் இந்த விகிதம் ஏறியிருக்க வேண்டும். மறுபுறம், கூலி 256இலிருந்து 294 ஆன காலத்தில் கூடியது 38 ரூபாய். குவார்ட்டரில் கூடியது 20 ரூபாய். நாளுக்கு ஒரு குவார்ட்டர் குடிப்பவரின் வீட்டில், கூடுதலாகக் கிடைத்த கூலியில் பாதிக்கு மேல் அடுப்படிக்கு வந்து சேரவே இல்லை. கொத்தனார், குவாரித் தொழிலாளி ஆகியோரின் கூலி இதைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டுவந்த கிராமக் கூலி இது. விகிதத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறினாலும், அது நகரும் திசையை அறிய இந்த ஒப்பீடு போதும்.

விலை ஏறும்போது குடிப்பவர் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கையில் 70 ரூபாய் இருப்பவர் இன்னொரு 70 ரூபாய்க்காரருக்காகக் கடை வாசலில் காத்திருந்து, ஒரு குவார்ட்டரை வாங்கி இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதைக் ‘கட்டிங்’ என்கிறார்கள். 2023 ஜூலையில் மதுவிலக்குத் துறை அமைச்சராக இருந்த சு. முத்துசாமி இப்படிக் காத்திருப்பவர்களைச் சுட்டிக்காட்டியே 90 மில்லி பாக்கெட் குறித்து ஆராய்வதாகச் சொன்னார். விலை கையைக் கடிக்கும்போது அளவைச் சிறிதாக்கித் தொடர்ந்து வாங்கவைக்கும் யோசனை, தடுப்பதற்கே விலையை ஏற்றுகிறோம் என்ற கூற்றோடு பொருந்தாது. அச்சிட்ட விலைக்கு மேல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வாங்கப்படுவதும், நண்பகல் 12 மணிக்குக் கடை திறக்கும் முன் பிளாக்கில் அதைவிடக் கூடுதலாக விற்கப்படுவதும் ஊரறிந்தவை. எனவே அரசு அறிவிக்கும் விலை, குடிப்பவர் கொடுக்கும் விலையின் கீழ் வரம்பு மட்டுமே. இந்த விலையை நலத்திட்டத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைக்கப்பட்டது இதே மாவட்டத்தின் தலைநகரான காஞ்சிபுரத்தில்தான். அத்திட்டம் ஒரு பெண்ணுக்கு மாதந்தோறும் தரும் 1,000 ரூபாய் ஏழு குவார்ட்டரில் தீர்ந்துவிடுகிறது. அதாவது நாள்தோறும் குடிப்பவர் இருக்கும் வீட்டில் ஒரு வாரத்துக்குத்தான் தாங்குகிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து வருவது. மதுவின் விலையை ஏற்றினால் சாவுகள் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. அதற்குச் சான்றும் உண்டு. ஸ்காட்லாந்து 2018 மே 1 முதல் ஓர் அலகு ஆல்ககாலுக்குக் குறைந்தபட்சம் 50 பென்ஸ் என்று சட்டமாக்கியது. மதுவால் நேரும் மரணங்கள் அதனால் 13 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பு 2023இல் மதிப்பிட்டது. இந்தச் சான்றை நான் மறுக்கவில்லை. அதை முழுமையாகப் படிக்க வேண்டும் என்கிறேன். அங்கே விலை ஆல்ககாலின் அளவோடு கட்டப்பட்டது, விளைவுகளை மதிப்பிட்டாக வேண்டும் என்று சட்டமே விதித்தது, விற்பவர் அரசு அல்லர். அப்படியிருந்தும், குடிக்கு அடிமையான ஏழைகள் உணவுச் செலவைச் சுருக்கிக் குடியைத் தொடர்ந்ததை அதே ஆய்வுகள் பதிவுசெய்தன. மிதமாகக் குடிப்பவரை விலை தடுக்கும்; குடிநோயாளியைச் சிகிச்சைதான் தடுக்கும். சிகிச்சையை விட்டுவிட்டு விலையை மட்டும் ஏற்றினால், அந்த அபராதத்தைக் கட்டுவது குடிநோயாளியின் மனைவியும் பிள்ளைகளும்தான்.

இரண்டாவது மறுப்பு கள்ளச்சாராயத்தைப் பற்றியது. விலையை மிகவும் ஏற்றினால் மக்கள் விஷச்சாராயத்துக்குப் போவார்கள் என்கிறார்கள். 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் அண்டை மாவட்டமான செங்கல்பட்டின் சித்தாமூர்ப் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் குடித்தவர்கள் செத்து விழுந்ததை யாரும் மறக்க முடியாது. கள்ளக்குறிச்சி நிகழ்வில் மட்டும் 60 பேருக்கு மேல் மாண்டனர். ஆந்திரத்தில் 2020இல் ஒரே வாரத்துக்குள் விலை 75 விழுக்காடு ஏற்றப்பட்டபோது பக்கத்து மாநிலச் சரக்கு எல்லை தாண்டி வந்தது. 2024 அக்டோபரில் வந்த புதிய கொள்கை 99 ரூபாய்க் குவார்ட்டருக்கு இறங்கியது. இந்த மறுப்பில் உள்ள உண்மை, விலை என்ற ஒற்றைக் கருவியின் எல்லையைத்தான் காட்டுகிறது. விலையை ஏற்றினால் விஷம், ஏற்றாவிட்டால் குடி என்று இரு முனையிலும் சிக்கும் கொள்கைக்குக் காவல், சிகிச்சை, உள்ளூர்க் கண்காணிப்பு ஆகிய துணைகள் வேண்டும். கருணாபுரத்துக்குப் பிறகு ஆயுள் தண்டனை வரை சட்டம் கடுமையாக்கப்பட்டது. சிகிச்சைக்கு அதே வேகம் வாய்க்கவில்லை.

மூன்றாவது மறுப்பு நிதி சார்ந்தது. மது, சரக்கு மற்றும் சேவை வரிக்குள் வராததால் மாநிலத்தின் கையில் எஞ்சியிருக்கும் சில வருவாய் வழிகளில் இது ஒன்று என்பது சரியே. 2003-04இல் ஏறத்தாழ 3,640 கோடி ரூபாயாக இருந்த இவ்வருவாய் 2022-23இல் 44,121 கோடியாகவும் 2023-24இல் 45,855 கோடியாகவும் வளர்ந்தது. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்ட ஆண்டிலும் அது குறையவில்லை. வருவாயை வைத்து மட்டும் குடியின் அளவைச் சொல்லிவிட முடியாது என்றாலும், கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் விலையை ஏற்றுவதும் கஜானாவைத் தொடவில்லை என்பது தெரிகிறது. நலத்திட்டத்துக்குப் பணம் வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் ஒரே வீட்டில், நாளுக்கு ஒரு குவார்ட்டர் குடிக்கும் கணவனிடம் மாதம் 4,200 ரூபாய் வாங்கி மனைவியிடம் 1,000 ரூபாய் தருவதை நலப் பகிர்வு என்று கணக்கில் எழுத முடியாது.

விலை அறிவிப்பில் குறைந்தது மூன்று மாற்றங்கள் வேண்டும். கூலியோடு ஒப்பிட்ட விலை விகிதத்தை ஒவ்வோர் அறிவிப்பிலும் வெளியிட வேண்டும். தடுப்பதே நோக்கமெனில் அந்த எண்ணைக் கொண்டு அரசு பதில் சொல்லட்டும். ஒவ்வோர் உயர்விலும் கிடைக்கும் கூடுதல் தொகையை வட்டார மருத்துவமனைகளில் குடிநோய்ச் சிகிச்சைக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். கடை இருக்கலாமா கூடாதா என்பதில் கிராம சபையின் முடிவு அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். இப்போதைய விதிகள் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஊராட்சிப் பகுதியில் 100 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. ஊரின் சம்மதத்தைக் கேட்பதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது, கடைக்கும் விடுமுறை. மறுநாள் கடை திறப்பதில் அச்சபைக்கு எந்தப் பங்கும் இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், மகாபாதகங்களைச் செய்தவரை ஊர்ச் சபையின் வாரியங்களிலிருந்து, அதாவது குழுக்களிலிருந்து, விலக்கின. கள்ளுண்டலும் அவற்றுள் ஒன்று. அந்தச் சபை நிலமுடைய பிராமணர்களுடையது. பெண்களுக்கும் உழைப்போருக்கும் அதில் இடமில்லை. இன்றைய கிராம சபையில் அவர்கள் அனைவருக்கும் இடமுண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அதிகாரம் இல்லை. மதுவின் விலையைச் சோறும் பள்ளிக் கட்டணமுமாகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். விலை பற்றியும் கடை பற்றியும் முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு வரும்வரை, விலை உயர்வை மதுவிலக்கின் படிக்கட்டு என்று அழைக்க நியாயமில்லை.