கதவில் இட்ட குறி: கொள்ளைநோய்ச் சட்டமும் குடிமக்களின் ஐயமும்

1897 பிப்ரவரி 4ஆம் நாள் நிறைவேறிய கொள்ளைநோய்கள் சட்டத்தில் இருந்தவை நான்கே பிரிவுகள். முதற்பிரிவு சட்டத்தின் பெயரையும் எல்லையையும் சொல்கிறது. இரண்டாம் பிரிவு, நோயைத் தடுக்கத் தேவை என்று தோன்றும் எந்த விதியையும் இயற்ற அரசுக்கு அதிகாரம் தருகிறது. மூன்றாவது, மீறுவோருக்கான தண்டனை. நான்காவது, இச்சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செய்த எதற்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்கிறது. வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவரின் உறவினர் யாரிடம் முறையிடுவது என்பது பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. உடைமைகள் எரிக்கப்பட்டவருக்கு ஈடு உண்டா, அதை யார் தருவது என்பவற்றை அரசின் விருப்பத்துக்கே அது விட்டுவிடுகிறது.

மக்கள் பொதுச் சுகாதார நடவடிக்கைகளை எதிர்க்கும்போதெல்லாம் அறியாமை, மூடநம்பிக்கை, வதந்தி என்று காரணம் சொல்வது அன்றைய ஆங்கிலேய அதிகாரிகளின் வழக்கம். இன்றும் அந்த வழக்கம் மாறிவிடவில்லை. வதந்திகள் இருந்தன, அறியாமையும் இருந்தது. ஆனால் ஐயம் முற்றிக் கலகமாக வெடித்த இடங்களைக் கூர்ந்து நோக்கினால், அங்கெல்லாம் முறையீட்டுக்கான வாயில் முன்பே அடைக்கப்பட்டிருந்ததைக் காணலாம். புனே, பம்பாய் நகரங்களின் பிளேக் வரலாற்றையும், நூறாண்டுக்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் நடந்த போலியோ ஒழிப்பையும் சேர்த்து வைத்து இக்கருத்தை நிறுவ முயல்கிறேன்.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோயை அடையாளம் கண்டு சொன்னவர் மருத்துவர் அகாசியோ வியேகஸ். அடுத்த மாதமே ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினார்கள். அதே அக்டோபரில் விக்டோரியா அரசியின் சிலைமீது யாரோ தார் பூசியிருந்தார்கள். அந்த அவமதிப்புக்குப் பழிவாங்க மருத்துவமனையில் நோயாளிகளைக் கொன்று உடலுறுப்புகளை எடுக்கிறார்கள் என்ற பேச்சு நகரெங்கும் பரவிற்று. கேட்பதற்கு அபத்தமான கதைதான். ஆயினும் அதன் உள்ளீட்டைப் பாருங்கள்: அரசு கோபத்தில் இருக்கிறது, கோபம் கொண்ட அரசின் கை நம் உடல்மீது விழுகிறது. உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் பிணமாகவே வெளிவந்த ஒரு மருத்துவமனையின் வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் கதையை நம்பாமலிருக்க என்ன சான்று காட்டப்பட்டது?

புனேயில் நிலைமை இதனினும் கடுமை. பிளேக் குழுவின் தலைவராக வந்த வால்டர் சார்லஸ் ராண்ட், வீடுகளைச் சோதிக்கும் பணியைப் படைவீரர்களிடம் ஒப்படைத்தார். 1897 மார்ச் முதல் மே வரை தெருத்தெருவாகச் சோதனை நடந்தது. காலணியோடு அடுப்படிக்குள்ளும் பூசையறைக்குள்ளும் நுழைந்தார்கள் என்பது அன்று திரும்பத் திரும்ப எழுந்த புகார். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே பிளேக் சோதனை. பெண்களுக்கும் அதே சோதனை என்றால் அது எவ்வளவு பெரிய வன்முறையாக உணரப்பட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நோய் கண்ட வீட்டில் தரையைத் தோண்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், துணிமணிகளை எரித்தார்கள். நோயாளி ஒரு முகாமுக்கு, குடும்பத்தார் இன்னொரு முகாமுக்கு.

புகார்கள் என்ன ஆயின? அப்போது இங்கிலாந்தில் இருந்த கோபால கிருஷ்ண கோகலே, படைவீரர்கள் பெண்களிடம் அத்துமீறியதாகத் தமக்குக் கடிதத்தில் வந்த செய்தியை அங்கே வெளியிட்டார். நாடு திரும்பியபோது மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. எழுதியவர்களில் எவரும் பெயர் சொல்லிச் சாட்சி கூற முன்வரவில்லை. கோகலே நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார். குற்றச்சாட்டு பொய் என்பதற்கு இதையே ஆட்சி சான்றாகக் கொண்டது. நான் இதை வேறுவிதமாகப் படிக்கிறேன். வழக்குத் தொடர முடியாது என்று சட்டமே சொல்லிவிட்ட ஊரில், மானம் போகும் என்று அஞ்சும் குடும்பங்கள் எந்த மன்றத்தில் வந்து சாட்சி சொல்லும்? மிதவாதிகளில் மிதவாதியான கோகலேயின் சொல்லுக்கே இதுதான் கதி என்றால், அடுத்து வந்தது துப்பாக்கி என்பதில் வியப்பில்லை. 1897 ஜூன் 22ஆம் நாள் இரவு, அரசியின் வைரவிழா விருந்து முடிந்து கணேஷ்கிண்ட் ஆளுநர் மாளிகையிலிருந்து திரும்பும்போது ராண்டும் உடன்வந்த அயர்ஸ்ட் என்ற படை அதிகாரியும் சுடப்பட்டனர். இக்கொலைகளில் தொடர்புடைய சாபேகர் சகோதரர்கள் மூவரும் தூக்கிலேறினார்கள். திலகருக்கு, இதையொட்டி எழுந்த ராஜத்துரோக வழக்கில் 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. எதிர்ப்பு முழுவதையும் தூய்மையானதாகக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. புனேயின் மேல்சாதியினர் எழுப்பிய கூக்குரலில் தீட்டு பற்றிய அச்சமும் கலந்திருந்தது. யார் தொடுகிறார்கள், எந்தச் சாதியாரோடு ஒரே கூடத்தில் படுக்க வேண்டும் என்பவையும் அவர்களுக்குக் குறைகளாகவே தோன்றின. அதே ஆண்டில் அதே நகரின் புறத்தே சாவித்திரிபாய் புலே செய்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவரான மகன் யஷ்வந்த்தைக் கொண்டு ஹடப்ஸர் பக்கம் ஒரு சிகிச்சை நிலையம் அமைத்து, நோயாளிகளைத் தாமே அழைத்து வந்தார். முண்ட்வாவின் மகார் குடியிருப்பில் நோயுற்ற சிறுவனை முதுகில் சுமந்து வந்தவர், தாமும் நோய் தொற்றி மார்ச் 10ஆம் நாள் இறந்தார். அங்கும் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து எடுத்துச் செல்லத்தான் செய்தார்கள். தூக்கிச் சென்றவர் யார் என்பதை அந்தக் குடியிருப்பு அறிந்திருந்தது.

அறிவியல் முழுக்க அரசின் பக்கம் இருந்தது என்ற எண்ணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். எலிகள் செத்து விழுந்தால் ஊரைக் காலிசெய்து வெளியே குடிசை போடுவது கட்வால், குமாவூன் மலைமக்களின் பழைய வழக்கம். எலியிலிருந்து மனிதனுக்கு நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்று பால்-லூயி சிமோன் 1898இல் கராச்சியில் கண்டார். மருத்துவ உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பு அதிகாரிகள் சாக்கடையையும் தரையையும் கார்பாலிக் அமிலம் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெளியேற முயன்றவர்களை ரயில் நிலையங்களில் மடக்கினார்கள். பின்னாளில் அரசே ஊரைக் காலிசெய்வதைத் தடுப்பு முறையாகப் பரிந்துரைத்தது. மலைமக்களிடம் முன்பே கேட்டிருக்கலாம்.

1898 மார்ச்சில் பம்பாயில் நெசவாளர் வீடொன்றில் சோதனைக்குப் போன இடத்தில் தொடங்கிய கலகம் நகரைக் குலுக்கியது. 1900இல் கான்பூரில் தனிமை முகாம் தாக்கப்பட்டது. இவற்றுக்குப் பிறகே கட்டாயம் தளர்ந்தது. சமூகங்கள் தாமே மருத்துவமனை நடத்த மேலும் இடம் கிடைத்தது. ஹாஃப்கின் உருவாக்கிய தடுப்பூசியை இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான் தம் சமூகத்தார் முன்னிலையில் முன்பே போட்டுக்கொண்டதுபோன்ற இணக்க வழிகளுக்கு மதிப்பு வந்தது. கலகம் செய்தால்தான் காது கேட்கும் என்ற பாடத்தை அரசே மக்களுக்குக் கற்பித்தது.

இனி உத்தரப் பிரதேசம். நெருக்கடிநிலையின்போது 1976-77 ஆண்டில் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. ஆசிரியருக்கும் கிராம அலுவலருக்கும்கூட ஆள்பிடிக்க இலக்கு விதிக்கப்பட்டது. முசாபர்நகரில் எதிர்த்துத் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டது. பத்திரிகைத் தணிக்கை, முடங்கிய நீதிமன்றங்கள் என்று வாயில் எல்லாம் மூடியிருந்தது. திறந்த ஒரே வாயில் 1977 தேர்தல். அம்மாநிலத்தின் 85 தொகுதிகளிலும் காங்கிரஸ் தோற்றது. கால் நூற்றாண்டு கழித்து அதே ஊர்களுக்குச் சொட்டு மருந்துப் பெட்டியோடு அரசு போனபோது, இந்த மருந்தைக் குடித்த பிள்ளைக்குப் பின்னாளில் மகப்பேறு இராது என்ற பேச்சு எழுந்தது. வதந்திக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அரசின் கை கருப்பையை நோக்கி வரும் என்பது அந்த மக்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கேட்ட செய்தி. 2002இல் நாட்டில் கண்ட 1,600 போலியோ நோயாளிகளில் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தவர்.

ஒவ்வொரு சுற்றிலும் ஊழியர்கள் கதவில் சாக்குக்கட்டியால் குறியிட்டார்கள்: எல்லாப் பிள்ளைக்கும் மருந்து கொடுத்த வீட்டுக்கு ‘பி’, விடுபட்ட வீட்டுக்குப் பெருக்கல் குறி. பிளேக் காலத்துப் பம்பாயில் ‘குடியிருக்கத் தகாதது’ என்பதன் சுருக்கெழுத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள். அதன்பின் அந்த வீட்டுக்காரரிடம் பேச எதுவும் இருக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாதில் பெருக்கல் குறி, மறுபடி வந்து பேசியாக வேண்டிய வீடு என்பதற்கு அடையாளமாயிற்று. பேசப் போனவர்கள் பெரும்பாலும் அதே தெருவில் வாழும் பெண்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மிலியாவும் துணைநின்றன. இமாம்கள் பள்ளிவாசலிலிருந்து அறிவித்தார்கள். சில ஊர்கள் “சாலை போடு, சாக்கடை கட்டு, பிறகு சொட்டு மருந்து” என்று மறுத்தன. இதைப் பேரம் என்று எரிச்சல்பட்டவர்கள் உண்டு. எனக்கு இது மிகவும் நம்பிக்கை தரும் மறுப்பாகத் தோன்றுகிறது. அங்கே மக்கள் மருந்தை வெறுக்கவில்லை. ஒரே நோய்க்கு மட்டும் ஓயாமல் வாசலுக்கு வரும் அரசு, பிள்ளையின் வயிற்றுப்போக்குக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டார்கள். திட்டமும் அந்தக் கேள்விக்குச் செவிசாய்த்து, கைகழுவுதல், உப்புச்சர்க்கரைக் கரைசல், வழக்கமான தடுப்பூசி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது. மேம்பட்ட மருந்தும் 2010இல் வந்து உதவியது. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் பதிவானார். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழ் கிடைத்தது.

2020இல் கோவிட் வந்தபோது எடுக்கப்பட்டது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம். சுகாதாரப் பணியாளர்கள் பல ஊர்களில் தாக்கப்பட்டார்கள். சென்னையில் நோயால் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அந்த வெட்கக்கேட்டுக்குத் தண்டனை வேண்டும். தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறை என்று சட்டம் திருத்தப்பட்டது சரியே. ஆனால் திருத்தமும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே நடந்தது. சட்டத்தை முழுமையாக மறுஆய்வு செய்த 22ஆவது சட்ட ஆணையம் 2024இல் அது போதாது என்று சொல்லியிருக்கிறது. புதிய சட்டம் எழுதப்படும்போது, தனிமைப்படுத்தும் ஆணைக்கான காரணத்தை அந்த வட்டார மொழியில் எழுதித் தர வேண்டும். பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டும். அழிக்கப்பட்ட உடைமைக்கு ஈடு, கூலி இழந்த நாட்களுக்குப் படி ஆகியவை சட்ட உரிமையாக வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் முறையீடு கேட்கும் குழு ஒன்றில் அங்கு குடியிருப்போர் பாதியாவது இருக்க வேண்டும். நான்காம் பிரிவு தரும் காப்பும், தம்மீது வந்த முறையீட்டுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதிலளித்த அதிகாரிக்கு மட்டுமே உரியது என்று மாற்றப்பட வேண்டும்.