சோற்றின் குறையும் மீனின் நிறைவும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் அமைந்தது பெரியகல்லாறு. எழுவான்கரை ஊர்களுள் அதுவும் ஒன்று. வாவிக்கு அப்பால், படுவான்கரையிலே வயல்கள் பரந்திருக்கின்றன. வயலின் நெல் சோறாகிறது. வீச்சு வலையில் விழும் மீனும் இறாலும் ஆணமாகின்றன. சோற்றையும் மீனையும் சேர்த்துண்ணும் இவ்வழக்கத்தை எந்த விஞ்ஞானியும் வகுத்துக் கொடுக்கவில்லை. ஆயினும் அதன் பயனைச் சரியாக அளந்தறிய விஞ்ஞானத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இடையிலே ஒரு பெருந்தவறும் நேர்ந்தது.

தசைக்கும் குருதிக்கும் புரதம் வேண்டும். புரதமோ அமினோவமிலங்கள் என்னும் இருபது வகைக் கற்களால் எழுப்பிய சுவரைப் போன்றது. இவற்றுட் சிலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது, உணவே தரவேண்டும். அவையே இன்றியமையா அமினோவமிலங்கள். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏனையவை சுவருக்கு உதவாமல் எரிந்துபோகும். அரிசியிலும் கோதுமையிலும் அவ்வாறு குறைந்திருப்பது லைசின்.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் றோஸ் என்பவர் 1930களில் திரயோனின் என்னும் அமிலத்தைக் கண்டறிந்தார். பின்னர் 1942இல் மனிதரிடத்தே சோதனை தொடங்கினார். அதற்கு இசைந்தவர்கள் அங்கு பயின்ற இளம் மாணவர்கள். மாப்பொருளும் சீனியும் வெண்ணெய்க் கொழுப்பும் தூய அமினோவமிலங்களுமே அவர்களுக்கு உணவு. உட்சென்ற நைதரசனும் கழிந்த நைதரசனும் சமப்படுகின்றனவா என்று நாள்தோறும் அளக்கப்பட்டது. வளர்ந்தோருக்கு எட்டு அமிலங்கள் இன்றியமையாதன என்பது முடிவு. இன்று ஒன்பது என்பர். லைசின் நாளொன்றுக்கு 0.8 கிராம் போதும் எனக் கண்டார் றோஸ். ஆயினும் காப்புக்காக அதை இரட்டித்து 1.6 கிராம் எனப் பரிந்துரைத்தார்.

பின்வந்தோர் பற்றிக்கொண்டது சிறிய அளவையே. 1985இல் உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் வெளியிட்ட அறிக்கை, உடல் நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு 12 மில்லிகிராம் லைசின் என்று கூறிற்று. 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு 720 மில்லிகிராம் ஆகிறது. 400 கிராம் அரிசியில் ஏறத்தாழ 28 கிராம் புரதமும் 1,000 மில்லிகிராம் லைசினும் உண்டு. எனவே வெறுஞ்சோறே வளர்ந்தவருக்குப் போதும் என்று பொருள்பட்டது. ஏழை நாடுகளின் உணவைத் திட்டமிடுவோர்க்கு இதைவிட வசதியான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

பிழை அளந்த முறையில் இருந்தது. மாணவர்களுக்குத் தேவைக்கு மிஞ்சிய சத்தி ஊட்டப்பட்டது; அவ்வாறு ஊட்டினால் குறைந்த புரதத்திலும் நைதரசன் சமப்பட்டுவிடும். தோல் வழியே கழிவதும் சரியாக எண்ணப்படவில்லை. 1980களில் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த வேர்னன் யங் வேறு வழி கண்டார். காபன் 13 என்னும் பாரமான காபனால் அமிலத்துக்கு அடையாளமிட்டு, அது எவ்வளவு எரிந்து மூச்சில் வெளிவருகிறது என்று அளந்தார். தேவை முன்பு சொன்னதைப்போல் இருமடங்குக்கும் மேல் என்றார். பலர் ஏற்கவில்லை. தானியம் உண்டு பழகியோரின் உடல் குறைந்த லைசினுக்குப் பழகியிருக்கும் என்றும் சிலர் வாதித்தனர்.

அந்த வாதத்துக்குப் பெங்களூரில் விடை கிடைத்தது. சென் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாடும் துணைவரும் யங்குடன் சேர்ந்து இந்திய ஆடவரிடத்தே இருபத்துநான்கு மணி நேரமும் அளந்து பார்த்தனர். தேவை கிலோகிராமுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். நெடுங்காலப் போசாக்கின்மையால் மெலிந்தவர்களுக்கு அதனினும் மிகுதியாக வேண்டியிருந்தது. குடற்புழுவை நீக்கியபின் அம்மிகுதி தணிந்தது. இல்லாதவனுக்கே தேவை கூடுதல் என்பது எத்துணைக் கொடுமை! 2007இல் வெளியான புதிய அறிக்கை 30 மில்லிகிராமையே ஏற்றுக்கொண்டது.

இனிப் பெரியகல்லாற்றுக் கலத்தை நோக்கலாம். 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு 1,800 மில்லிகிராம் வேண்டும். 400 கிராம் அரிசி 1,000 தருகிறது; மிகுதி 800. ஐம்பது கிராம் பயறு அதை ஏறக்குறைய நிரப்பும். ஐம்பது கிராம் மீனும் அவ்வளவு தரும். எருமைத் தயிரும் உதவும். சோற்றுக்குப் பதிலாகப் பாண் வரும் நாளிலோ கணக்கு இறுகுகிறது. கோதுமை மாவின் புரதத்தில் லைசின் அரிசியினதிலும் குறைவு. தேங்காய்ச் சம்பல் அக்குறையை ஈடுசெய்யாது. பக்கத்திலே ஒரு கிண்ணம் பருப்புக் கறியோ முதல்நாள் மீன் ஆணமோ இருந்தால் ஈடாகும்.