ஊமை விமானங்கள்

பழைய விமானமொன்றை இறக்கி, புதிய பிளைட் சிமுலேற்றரில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். விமானம் ஓடுபாதையில் வடிவாக நிற்கும். எஞ்சினை இயக்கினால் ஒரு சத்தமும் வராது. உள்ளே, உயரமானி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. பழுதான கோப்பு எண்டு கனபேர் அழித்துவிடுவார்கள். நாங்கள் இதை வரலாறாகப் பார்க்கிறோம்.

மைக்ரோசொப்ட் தன்னுடைய முதல் பிளைட் சிமுலேற்றரை 1982இல் வெளியிட்டது. பிற்காலப் பதிப்புகளில் ஒவ்வொரு விமானமும் ஒரு கோப்புறை. உருவம், பனல், சத்தம் எல்லாம் அதற்குள்ளே தனித்தனியாக இருக்கும். சத்தப்பதிவுகள் பாரமானவை, செய்வதும் லேசில்லை. அதனால் இலவசமாக விமானம் செய்தவர்கள் பலர் இரவல் வாங்கினார்கள். சவுண்ட் கோப்பில் 'எலியாஸ்' என்று ஒரேயொரு வரி. சிமுலேற்றரோடு வருகிற விமானத்தின் சத்தத்தை எடுத்துக்கொள் என்று அது சொல்லும்.

2003ஆம் ஆண்டுப் பதிப்பில் பொயிங் 737-400 இருந்தது. எத்தனையோ ஜெட்கள் அதன் குரலில்தான் பறந்தன. 2006இல் வந்த எவ்எஸ்எக்ஸ் அதை எடுத்துவிட்டு 737-800ஐ வைத்தது. அவ்வளவுதான், அந்த ஜெட்களைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஊமை விமானங்கள்தான் கிடைத்தன. செய்தவர்களில் பிழையில்லை, அவர்கள் நின்ற நிலம் நகர்ந்துவிட்டது. மருந்து சின்னது: நோட்பாட்டில் அந்த வரியைத் திறந்து, இப்போது இருக்கிற விமானக் கோப்புறையின் பெயரைப் போட்டால் சத்தம் வரும்.

மானிகளின் கதை அப்பிடி இல்லை. அவை இரண்டு விதம். சில, எவரும் திறந்து வாசிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் எழுத்துகள். மற்றவை சீ மொழியில் எழுதி, இயந்திர மொழிக்கு மாற்றிப் பூட்டப்பட்டவை. மூலநிரல் செய்தவரின் கணினியில் மட்டும் இருக்கும். 2017இல் பிரிப்பேர்3டியின் நான்காம் பதிப்பு 64 பிட்டுக்கு மாறியபோது, 32 பிட்டில் செய்த பூட்டிய மானிகள் வேலை செய்யாமல் போயின. செய்தவர் இந்தப் பொழுதுபோக்கை விட்டுப் போயிருந்தால் திருத்த ஆளில்லை. எக்ஸ்எம்எல் மானிகளில் கனக்க அப்படியே ஓடின. ஓடாததையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து திருத்தலாம்.

ஓட்டை விழுந்தால் முதலில் பனல் கோப்பைத் திறந்து பாருங்கோ. காணாமல்போன மானியின் பெயரும், அது இருந்த இடமும், அதன் அளவும் அங்கே இன்னும் எழுதியிருக்கும்.