சிகிச்சைக்குப் பின்: ஈஎஸ்ஐ டெய்லரும் பீஸ் ரேட் டெய்லரும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்து வீடு திரும்பும் திருப்பூர்ப் பெண் டெய்லர் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார் என்பதை, அவர் எங்கே தைத்தார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கும் பனியன் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவர் ஒரு வகை. பத்துப் பேர்கூட இல்லாத பவர் டேபிள் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர் இன்னொரு வகை.

மருத்துவச் செலவில் இருவருக்கும் கைகொடுக்க ஆள் உண்டு. முன்னவருக்கு ஈஎஸ்ஐ. பின்னவரின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் வரை கிடைக்கும்.

பெரிய வேறுபாடு கூலியில்தான். ஈஎஸ்ஐயில் முதல் 91 நாளுக்குக் கூலியில் 70 விழுக்காடு வரும். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, அதன் பிறகும் இரண்டு ஆண்டு வரை 80 விழுக்காடு நீளும். நடுவில் சந்தா விட்டுப்போனவருக்கு இந்த நீட்டிப்பு கிடைக்காமல் போகலாம் என்றாலும், இது பெரிய ஆதரவு. பீஸ் ரேட் டெய்லருக்கோ மிஷின் ஓடாத நாளில் வருமானமே இல்லை. கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் தினமும் கோவைக்குப் போய்வந்தால், காப்பீடு சிகிச்சைக்குப் பணம் கட்டும். விட்டுப்போன சனிக்கிழமைச் சம்பளத்தைக் கட்டாது. அதனால் உடம்பு தேறும் முன்பே மிஷினில் உட்காருகிறார்.

உடம்பின் பாடு இருவருக்கும் ஒன்றே. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களில் சிலருக்குக் கை வீங்கும். சில கீமோ மருந்துகளால் விரல்நுனி மரத்துப்போகும். துணியை நகர்த்துவதும் ஓவர்லாக்கில் நூல் கோப்பதும் அந்தக் கையும் விரலும்தான். வேகம் குறைந்தால் பீஸ் ரேட்டில் அந்த வாரமே கூலி குறையும். ஷிப்ட் கம்பெனியிலோ டார்கெட்டும், ஆர்டர் நெருக்கத்தில் ஒன்றரை ஷிப்டும் காத்திருக்கும். இங்கே ஈஎஸ்ஐ அட்டையும் உதவாது.

நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் க்யூஎல்க்யூ-சி30 வினாத்தாளில் உள்ள 30 கேள்விகளில் பணக் கஷ்டத்தைப் பற்றியது ஒன்றுதான். பவர் டேபிள் பெண்ணுக்கு மற்ற பல பதில்களையும் அந்த ஒரு கேள்வியே தீர்மானிக்கும்: தூக்கம், களைப்பு எல்லாமே. நோய் திரும்புமோ என்ற பயம், மார்பை இழந்த வேதனை, தாம்பத்தியத்தில் வந்த விலகல் ஆகியவற்றை உட்கார்ந்து கேட்க ஆள் கிடைப்பது இருவருக்குமே அரிது.

செய்யக்கூடியவை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறது. டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு பெண்ணையும் கைப்பயிற்சிக்காக அதில் சேர்த்துவிட வேண்டும். கம்பெனிகள் சில மாதமாவது செக்கிங் மேசையில் அரை ஷிப்ட் வேலை தர வேண்டும். பவர் டேபிள் யூனிட்டுகளையும் ஈஎஸ்ஐக்குள் கொண்டுவர வேண்டும். ஒருத்தி பிழைத்தது நல்ல செய்தி. பிழைத்தவள் பிழைப்பையும் மீட்டால்தான் சிகிச்சை முழுமை பெறும்.