மூலப்படம் யார் கையில்? பனி நிலவுப் படங்களில் ஆர்வலர் பங்கின் வளர்ச்சி (1979–2024)

முன்னுரை

2022 செப்டம்பர் 29 அன்று ஜூனோ விண்கலம் வியாழனின் பனி நிலவான யூரோப்பாவை 352 கி.மீ. உயரத்தில் கடந்தது. வேகம் நொடிக்கு 23.6 கி.மீ. அதிலிருந்த ஜூனோகேம் என்ற கேமரா எடுத்தவை நான்கே படங்கள். அந்த நான்கிலிருந்து சில நாள்களிலேயே பல யூரோப்பாக்கள் உருவாயின. ஒன்று கண் காணக்கூடிய நிறத்தை ஒட்டி வெளிறிக் கிடந்தது. இன்னொன்றில் ஒளிநிழல் வேறுபாடு கூட்டப்பட்டு முகடுகளும் பள்ளங்களும் எழுந்து நின்றன. மற்றொன்று உதிர்காலத்து இலைகளின் வண்ணங்களை நிலவின் மேல் பூசியிருந்தது. செய்தவர்களில் பலர் ஆர்வலர்கள். நாசா அவர்கள் பெயரிட்டே அப்படங்களை வெளியிட்டது.

இந்த நிலை எப்படி வந்தது? கணினி மலிவானது, மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது பாதி விடைதான். விண்கலம் அனுப்பிய மூலப்படம் அறிவியல் அணியின் கையை விட்டு எப்போது வெளியே வந்தது என்பதே ஆர்வலரின் இடத்தை ஒவ்வொரு கட்டத்திலும் தீர்மானித்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. பழைய ஆவணம், உடனடி வெளியீடு, காலியாக விடப்பட்ட இருக்கை என மூன்று கட்டங்களில் இதைக் காணலாம்.

1. ஆவணத்தைத் தோண்டியவர்கள்

1979 ஜூலை 9 அன்று வாயேஜர் 2 விண்கலம் வியாழனைக் கடந்தபோது யூரோப்பாவின் விரிசல் கோடுகள் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தன. மிக நுட்பமான படத்திலும் ஒரு பிக்சல் ஏறத்தாழ 2 கி.மீ. அகலத்தைக் குறித்தது. கேமரா 800 × 800 பிக்சல் அளவில் சாம்பல் நிறப் படங்களையே எடுத்தது. வண்ணம் வேண்டுமானால் ஊதா, நீலம், பச்சை, ஆரஞ்சு என வடிகட்டிகளை மாற்றி மாற்றி எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். உருவச் சிதைவை அளப்பதற்காகக் கேமராவிலேயே பதித்திருந்த கரும்புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் விழுந்தன. அவற்றையும் நீக்க வேண்டும். இந்த வேலை முழுவதும் ஆய்வுக்கூடத்துக்குள் நடந்தது. வாசகர் இதழில் பார்த்தது முடிந்த படத்தை மட்டுமே.

அடுத்து வியாழனுக்கு வந்த கலிலியோ விண்கலத்தில் நெருக்கடி வேறு. 1991-இல் அதன் பெரிய ஆண்டெனா முழுதாக விரியவில்லை. சிறிய ஆண்டெனா வழியே தரவு சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. எனவே யூரோப்பாவின் மிகச் சிறிய பகுதிக்கே நுட்பமான படங்கள் கிடைத்தன. ஒரு சுற்றில் எடுத்த தெளிவான சாம்பல் படத்தின் மேல் வேறொரு சுற்றில் எடுத்த மங்கலான வண்ணத்தை ஏற்றும் உத்தி வழக்கமானது. பின்னாளில் ஆர்வலர்கள் தேர்ச்சி பெற்ற உத்திகளுள் இதுவும் ஒன்று.

இப்படங்கள் நாசாவின் கோளியல் தரவுக் காப்பகத்துக்கு வந்து, முதலில் குறுந்தகடுகளிலும் பிறகு இணையத்திலும் கிடைத்தபோது ஆர்வலருக்கு முதல் வாசல் திறந்தது. டெட் ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியரின் பணி இதற்கு நல்ல சான்று. 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 எடுத்த நெப்டியூன் படங்களை இருபது ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி துருவினார். டெஸ்பினா என்ற சிறு நிலவு நெப்டியூனின் முகத்தைக் கடந்து போவதும் அதன் நிழல் மேகங்களில் விழுவதும் அடுத்தடுத்த நான்கு படங்களில் பதிவாகியிருந்தன. அதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. முதல் கட்ட ஆர்வலரின் வேலை இப்படிப்பட்டது: அணி அறுவடையை முடித்துப் போன வயலில் கதிர் பொறுக்குவது.

2. அன்றைய படம் அன்றே

2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளின் மூலப்படங்கள் வந்த கையோடு பொதுவெளிக்கு வந்தன. அவ்வாண்டு ஜூலையில் சனியை அடைந்த காசினியும் அவ்வழியே சென்றது. பூமிக்கு வந்த படங்கள் தாமதமின்றி எல்லோருக்கும் கிடைத்தன.

இந்த மாற்றத்தின் வலு 2005 ஜனவரி 14 அன்று தெரிந்தது. ஐரோப்பாவின் ஹைகென்ஸ் ஆய்வுக்கலம் சனியின் நிலவான டைட்டனில் இறங்கியது. இரண்டு வானொலித் தடங்களில் ஒன்று இயக்கப்படாமல் போனதால் படங்களில் பாதி தொலைந்தது. மிஞ்சியவை ஏறத்தாழ 350. அந்தச் சிறு சிறு துண்டுப் படங்கள் வெளிவந்த சில மணி நேரத்துக்குள் ஆர்வலர்கள் அவற்றை ஒட்டி, ஓடைத் தடங்களும் கரையும் தெரியும் அகலக் காட்சிகளை உருவாக்கிவிட்டனர். முறையான காட்சித் தொகுப்புகள் அதற்குப் பிறகே வந்தன.

ஆனால் இக்கட்டத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. காசினியிலிருந்து உடனடியாக வெளியானவை சுருக்கப்பட்ட, ஒளிர்வு தானாகவே நீட்டப்பட்ட படங்கள். பார்ப்பதற்கும் அடுக்குவதற்கும் அவை போதும். ஒளியை அளப்பதற்குப் போதா. அளவுதிருத்தம் செய்த தரவு காப்பகத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். 2005 நவம்பர் 27 அன்று சனியின் பனி நிலவான என்செலடஸின் தென்முனையிலிருந்து பீறிடும் பனித்துகள் தாரைகள் காசினியின் படங்களில் விழுந்தபோது, அக்காட்சியை ஆர்வலரும் அழகாக வடித்தெடுக்க முடிந்தது. அதன் ஒளிர்விலிருந்து துகளின் அளவைக் கணிப்பது அணியின் வேலையாகவே இருந்தது. காட்சி பொதுவானது, அளவீடு அணியிடமே தங்கியது.

3. காலியாக விடப்பட்ட இருக்கை

2011-இல் ஏவப்பட்டு 2016 ஜூலையில் வியாழனை அடைந்த ஜூனோவின் அறிவியல் இலக்குகளுக்குக் கேமரா தேவைப்படவில்லை. பொதுமக்களின் பங்கேற்புக்காகவே ஜூனோகேம் சேர்க்கப்பட்டது. கேண்டிஸ் ஹேன்சன் தலைமையில் அதைக் கவனித்த குழு சிறியது. பெரிய படச் செயலாக்க அணி அமைக்கப்படவில்லை. அந்த வேலை பொதுமக்களை நம்பியே விடப்பட்டது. முந்தைய பயணங்களில் ஆர்வலர் வேடிக்கை பார்க்க வந்த விருந்தாளி. இங்கே அவர் வராவிட்டால் பந்தியே இல்லை.

அந்த வேலை எளிதன்று. ஜூனோ நிமிடத்துக்கு இருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. அந்தச் சுழற்சியே கேமராவைக் காட்சியின் மேல் இழுத்துச் செல்கிறது. கிடைப்பது முழுப் படம் அன்று. 1,648 பிக்சல் அகலமும் 128 பிக்சல் உயரமும் கொண்ட பட்டைகளின் அடுக்கு. நீலம், பச்சை, சிவப்பு எனப் பட்டைகள் மாறி மாறி வரும். முதன்முதலாகத் திறந்து பார்ப்பவருக்கு நிலவு தெரியாது; சன்னல் தட்டிக்குப் பின்னால் துண்டு துண்டாக வெளிச்சம் தெரியும்.

ஒரு சுழற்சிக்கு 30 நொடி. யூரோப்பாவைக் கடந்த வேகத்தில் அதற்குள் கலம் 700 கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பட்டையும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்த்தது. பட்டைகளை வெறுமனே ஒட்டினால் நிலவின் விளிம்பு படிக்கட்டாகும். மூன்று நிறங்களும் ஒன்றோடொன்று பொருந்தா. கலம் எந்த நொடியில் எங்கே இருந்தது, எத்திசையை நோக்கியது என்ற தரவையும் நாசா பொதுவில் வைத்திருக்கிறது. அதைக்கொண்டு ஒவ்வொரு பட்டையையும் உருண்டையான நிலவின் மேல் படிய வைத்து மீண்டும் வரைய வேண்டும். கதிர்வீச்சு தெறித்த வெண்புள்ளிகளையும் களைய வேண்டும். ஜெர்மானியக் கணிதவியலாளர் கெரால்ட் ஐக்ஸ்டெட் இதற்கென்றே தம் சொந்த நிரல்களை எழுதினார். 2021 ஜூன் 7 அன்று ஜூனோ வியாழனின் நிலவான கனிமீடை 1,038 கி.மீ. உயரத்தில் கடந்தபோது எடுத்த படங்களிலிருந்து, கலத்தில் அமர்ந்து பார்ப்பது போன்ற அசைபடத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். வியாழனின் வளிமண்டலம் பற்றிய ஆய்வேடுகளிலும் அவர் பெயர் இடம்பெற்றது.

4. அழகும் சான்றும்

ஆர்வலர் படங்கள் மீது எழும் நியாயமான ஐயம் ஒன்று உண்டு: வண்ணத்தையும் நிழலையும் கூட்டினால் அது சான்றாகுமா? யூரோப்பாவே இதற்கு விடை தருகிறது. க்வெர்ன் என்ற இடம் கலிலியோ காலப் படங்களைக் கொண்டு மோதல் பள்ளமாகக் கருதப்பட்டிருந்தது. ஜூனோகேம் படங்களில் பார்த்தால் அங்கே பள்ளமே இல்லை. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் முகடுகளின் நிழல்கள் சேர்ந்து நீள்வட்டமாகத் தோன்றி ஏமாற்றியிருந்தன. நிழல் தேர்ந்த அறிஞர்களையும் ஏமாற்றும். ஆகவே கேட்க வேண்டியது செய்தவர் யார் என்பதன்று. மூலத்துக்குத் திரும்பிச் சென்று சரிபார்க்க வழியுண்டா என்பதே. ஜூனோகேமில் அவ்வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒரே மூலத்திலிருந்து பிறந்த பல வடிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நிலவின் தன்மை எது, செய்தவரின் கைவண்ணம் எது என்று பிரித்துவிடலாம். உதிர்கால வண்ண யூரோப்பாவைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை. ஆர்வலர்கள் வடித்த யூரோப்பா படங்கள் மேலும் அறிவியல் ஆய்வுக்குத் தகுந்தவை என்று நாசாவே குறிப்பிட்டது.

முடிவுரை

க்வெர்ன் பற்றிய முடிவு உட்பட ஜூனோகேமின் யூரோப்பா படங்களை ஆராய்ந்த கட்டுரை 2024-இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் பட்டியலில் ஹேன்சன் பெயர் முதலில் வருகிறது; ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஆர்வலர் பியோர்ன் ஜோன்சன் பெயரும் இருக்கிறது. யூரோப்பாவின் நிறத்தையும் ஒளிநிழலையும் கூட்டி நாசா வெளியிட்ட படத்தைச் செய்தவர் அவர். படத்தின் அடியில் சிறிய எழுத்தில் நன்றியாக நின்ற பெயர், கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஏறிவிட்டது.

இந்த ஏற்றத்தைக் கணினியின் வளர்ச்சி மட்டும் தரவில்லை. காசினிக் காலத்திலேயே ஆர்வலரிடம் கணினியும் திறமையும் இருந்தன. அளக்கத்தக்க தரவு மட்டும் தாமதமாக வந்தது. ஜூனோவில் அந்தத் தாமதம் நீங்கியது, வேலையும் அவரை நம்பி விடப்பட்டது. 2024 அக்டோபர் 14 அன்று ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030-இல் வியாழனை அடைந்து, யூரோப்பாவை ஏறத்தாழ ஐம்பது முறை நெருங்கிக் கடக்கவிருக்கிறது. அதன் கேமராக்கள் ஜூனோகேமைவிடப் பன்மடங்கு கூர்மையானவை. அவற்றுக்கென்று முழு அறிவியல் அணியும் உண்டு. அங்கே ஆர்வலர் கதிர் பொறுக்குவாரா, உடன் உழுவாரா என்பதை அறியக் கேமராவின் கூர்மையைப் பார்த்துப் பயனில்லை. மூலப்படம் எந்த நாளில், எந்த வடிவில் வெளிவருகிறது என்று பார்த்தால் போதும்.