சுன்னாகம் போடாத முதல் வாக்கு

1931 வரை இந்நாட்டில் நூற்றுக்கு நான்கு பேரளவிலேயே வாக்காளர், பெண்கள் எவருமில்லை. டொனமூர் அரசியலமைப்பு 21 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. சுன்னாகம் சந்தையில் மூட்டை சுமந்தவருக்கும் மரக்கறி விற்றவளுக்கும் உரிமை வந்தது, தேர்தல் வரவில்லை. அது முழுச் சுயராச்சியம் அல்ல என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைக்க, யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமை.

வாலிபர்கள் சாதி வேற்றுமையை எதிர்த்த நல்லவர்கள்தான். ஆனாலும் வகுப்பில் இதைப் படிப்பிக்கையில் நான் கேட்பதுண்டு: "அந்தச் சனத்திட்ட ஆரும் கேட்டவையோ?"

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சமூகத்திடமும் எவரும் கேட்கவில்லை. சனத்தைக் கேளாமல் சனத்துக்காக எடுக்கும் முடிவு, நல்லவர் எடுத்தாலும் சனநாயகமாகாது.