ஃபோன்டேன்ப்ளோவா, கேம்பிரிட்ஜா? ஒரு பொறியாளர் முன் இரண்டு எம்.பி.ஏ.

1957-ஆம் ஆண்டில் ஒரே மனிதரின் கை இரண்டு தொடக்கங்களில் பட்டது. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்த கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்ற இரண்டு இளம் பொறியாளர்களுக்கு, கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்க 70,000 டாலர் முதலீடு தந்தது அவருடைய நிறுவனம். அப்படிப் பிறந்ததுதான் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன். அதே ஆண்டு பிரான்ஸில் இன்சியாட் என்ற வணிகப் பள்ளியை நிறுவ முன்னின்றவரும் அவரே. பெயர் ஜார்ஜ் டோரியோ. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியர், பிறப்பால் பிரெஞ்சுக்காரர், பிரான்ஸின் மோட்டார் கார் முன்னோடிகளில் ஒருவரான பொறியாளரின் மகன். 1921-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது அவர் படிக்க நினைத்தது எம்.ஐ.டி.யில், போய்ச் சேர்ந்தது ஹார்வர்டில்.

டோரியோ போகாத, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருக்கும் எம்.ஐ.டி.யையும் அவர் ஃபோன்டேன்ப்ளோவில் உருவாக்கிய இன்சியாட்டையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். நான்கைந்து ஆண்டு வேலை பார்த்த நம் பொறியாளர்கள் வெளிநாட்டு எம்.பி.ஏ. என்று யோசிக்கும்போது இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே பட்டியலில் இடம்பிடிக்கின்றன. தரவரிசையில் எது மேலே என்று பார்த்துவிட்டு, ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றி இரண்டு இடத்துக்கும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வீண் வேலை. இரண்டும் பொறியாளரிடம் கேட்பது முற்றிலும் வேறு வேறு. எம்.ஐ.டி. அவருடைய பொறியியலையும் கூடவே கொண்டுவரச் சொல்கிறது. இன்சியாட், அதைக் கழற்றி வைத்துவிட்டால் மீதி யார் இருக்கிறார் என்று பார்க்க விரும்புகிறது.

எம்.ஐ.டி.யில் நிர்வாகப் படிப்பு 1914-இல் பொறியியலின் ஒரு கிளையாகத்தான் ஆரம்பித்தது. இன்றும் அதற்கு அங்கே 15-ஆம் பாடப்பிரிவு என்றே பெயர். ஜெனரல் மோட்டார்ஸை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன், 1895-இல் அங்கே மின்பொறியியல் பட்டம் பெற்றவர். அவருடைய அறக்கட்டளையின் பணத்தில் 1952-இல் தனிப் பள்ளி எழுந்தது. 1964-இல் அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1956-இல் அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார் ஜே ஃபாரஸ்டர். ஆரம்பகாலக் கம்ப்யூட்டரான வேர்ல்விண்டைக் கட்டிய மின்பொறியாளர் அவர். ஓல்சன் வேலை பழகியதும் அவருடைய கூடத்தில்தான். பின்னூட்டம், தாமதம் ஆகியவற்றைப் பற்றிப் பொறியாளருக்குத் தெரிந்ததையெல்லாம் கம்பெனிகளின் மேல் பொருத்திப் பார்த்து, சிஸ்டம் டைனமிக்ஸ் என்ற துறையை உருவாக்கினார்.

அந்தத் துறையின் பியர் விளையாட்டைப் புது மாணவர்கள் சேர்ந்த நாட்களிலேயே விளையாடுகிறார்கள். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு இடங்கள். வாரத்துக்கு 4 பெட்டி என்று ஓடும் வாடிக்கையாளர் தேவை ஐந்தாவது வாரம் 8 ஆகிறது. அதன்பிறகு மாறுவதே இல்லை. ஆனால் சில்லறைக் கடையைத் தவிர யாருக்கும் அது தெரியாது. ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து இறங்கவும் வாரக்கணக்கில் ஆகும். கிடங்கில் தங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். பயத்தில் ஒவ்வொருவரும் கூடுதலாக ஆர்டர் போட, அது ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பல மடங்கு பெருத்துவிடும். பிறகு எல்லார் கிடங்கிலும் பெட்டி குவியும். கடைசியில் ஆலைப் பக்கம் உட்கார்ந்தவரிடம், வாடிக்கையாளர் தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டச் சொன்னால், அவர் மேலும் கீழும் போகிற அலையை வரைவார். உண்மையில் அது ஒரே ஒரு படி. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பரீட்சை எழுதியவருக்கு இதைப் பார்த்ததும் உடல் சிலிர்க்கும். தான் படித்தது இங்கே செல்லாக்காசு இல்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

இன்சியாட்டின் பிறப்பு வேறு மாதிரி. போர் முடிந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கான ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானதும் 1957-இல்தான். நேற்று வரை சண்டை போட்ட நாடுகளின் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்து, எல்லை தாண்டித் தொழில் நடத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நோக்கம். 1959-இல் முதல் வகுப்பு ஃபோன்டேன்ப்ளோ அரண்மனையில் நடந்தது. 2000-இல் சிங்கப்பூர் வளாகம் வந்தது, பிறகு அபுதாபி. எந்த நாட்டினரும் வகுப்பில் பெரும்பான்மையாகிவிடாதபடி அங்கே இன்றும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்துக்கு மேல் இன்னும் மொழிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக அந்தப் பள்ளியின் அடையாளம்.

அங்கே பாடத்தை விடப் பெரிய ஆசிரியர் ஸ்டடி குரூப். ஐந்தாறு பேரைப் பள்ளியே பொறுக்கிச் சேர்க்கிறது, வேண்டுமென்றே ஒட்டாதவர்களாகப் பார்த்து. பாரிஸ் வங்கிக்காரர், லாகோஸில் வியாபாரம் நடத்தியவர், முன்னாள் ராணுவ அதிகாரி, சென்னை மென்பொருள் பொறியாளர் என்று ஒரு குழு அமையலாம். இரவு பதினொரு மணிக்கு ஒரு அறிக்கையை முடித்தாக வேண்டும். பொறியாளர் போட்ட கணக்கு சரி, ஆனால் மற்றவர்கள் கேட்கவில்லை. குரல் உயர்த்தினால் இன்னும் கேட்க மாட்டார்கள். பத்து மாதத்தில் இதைத்தான் மறுபடி மறுபடி பழகுகிறார்கள்.

பத்து மாதம் என்பதை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு மாத அளவில் ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் பரீட்சை. கண் மூடித் திறப்பதற்குள் படிப்பு முடிந்துவிடுகிறது. எம்.ஐ.டி.யில் இரண்டு கல்வியாண்டு, நடுவே ஒரு கோடைக்காலம் முழுக்க இன்டர்ன்ஷிப். ஒரு வருடச் சம்பளம் மிச்சம் என்று சொல்லி இன்சியாட்டைப் பரிந்துரைப்பவர்கள், அந்தக் கோடைக்காலத்தின் மதிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. முதலீட்டு வங்கிக்கோ பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் புராடக்ட் மேனேஜராகவோ போக நினைக்கிற பொறியாளருக்கு, இன்டர்ன்ஷிப்தான் உள்ளே நுழையும் வாசல்; மூன்று மாதம் வேலை பார்த்துக் காட்டினால்தான் நம்புவார்கள். கன்சல்டிங் கம்பெனிகள் அப்படியில்லை. நேர்காணலில் கேஸ் கொடுத்து நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றன. இன்சியாட் மாணவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கன்சல்டிங்குக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்சியாட்டுக்குள்ளேயே ஜனவரி அணிக்குக் கோடை இடைவெளி உண்டு, இலையுதிர்கால அணிக்குக் கிடையாது. துறை மாற நினைப்பவர் ஜனவரியைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இனி விண்ணப்பம். பள்ளி தன்னைப் பற்றி விளம்பர மலரில் சொல்வதை விட, விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் கேள்விகளில் அதிகம் சொல்லிவிடுகிறது. கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் படிவத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவற்றின் குணம் மாறுவதில்லை.

எம்.ஐ.டி. கேட்பது ஒரு கவர் லெட்டர், 300 சொல்லுக்குள். வேலைக்கு மனுப் போடுவது போல எம்.பி.ஏ. இடத்துக்கு மனு. ஒரு பக்க ரெஸ்யூமே. ஒரு நிமிட வீடியோ. பிறகு, வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத ஒன்று: விண்ணப்பிப்பவர் வேலை பார்க்கும் இடத்தின் ஆர்க் சார்ட். யாருக்குக் கீழே யார், நீங்கள் எந்தக் கட்டத்தில், உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் எந்தக் கட்டத்தில் என்று குறித்துக் காட்ட வேண்டும். பதவிப் பெயர்களில் ஏமாறாத கேள்வி இது. சீனியர் லீட் என்று ரெஸ்யூமேயில் எழுதியவருக்குக் கீழே ஒரு கட்டம்கூட இல்லை என்றால் படத்தில் தெரிந்துவிடும். பெரிய பதவி இல்லாத பிளாண்ட் என்ஜினியருக்குக் கீழே மூன்று ஷிப்ட் ஆட்கள் இருந்தால் அதுவும் தெரியும்.

இன்சியாட் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விகளோ ஒளிவுமறைவில்லாமல் உங்களை விவரிக்கச் சொல்பவை: உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, உங்களை உருவாக்கியது எது. நீங்கள் பெருமைப்படும் சாதனை ஒன்று, தோற்றுப்போன சந்தர்ப்பம் ஒன்று. அவை மற்றவர்களோடு உங்களுக்கு இருந்த உறவை எப்படி மாற்றின. அதோடு காமிரா முன்னால் சில கேள்விகள், யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தராமல். மனப்பாடம் செய்த பேச்சு அங்கே எடுபடாது.

இந்த வேறுபாட்டை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். கோயம்புத்தூர் ஃபவுண்டரி ஒன்றில் ஆறு ஆண்டு வேலை பார்த்த பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். பம்ப் உறை வார்க்கும் லைனில் ப்ளோ ஹோல் விழுந்து ரிஜெக்‌ஷன் நூற்றுக்கு ஒன்பது. மோல்டிங் மணலின் ஈரத்தை ஷிப்டுக்கு ஒருமுறை அளந்துகொண்டிருந்ததை மணிக்கொருமுறை ஆக்கி, நூற்றுக்கு நான்காகக் கொண்டுவந்தார். எம்.ஐ.டி. கடிதத்தில் இந்தக் கதைக்கு நேரடி இடம் உண்டு: என்ன சந்தேகப்பட்டார், எதை அளந்தார், யாரைச் சம்மதிக்க வைத்தார், எவ்வளவு மிச்சமானது. ‘டீம் சேர்ந்து செய்தது’ என்று எழுதிவிட்டு நகர்வது நம் ஆட்களின் பழக்கம். பணிவு நல்லதுதான், ஆனால் நேர்காணலில் அது உதவாது. விண்ணப்பத்தை முழுக்கப் படித்த சேர்க்கைக் குழு உறுப்பினர்தான் எதிரே இருப்பார். மேஸ்திரி மறுத்தபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள், என்ன சொன்னீர்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு படியாகக் கேட்பார்.

இன்சியாட்டுக்கு அதே ஃபவுண்டரியின் வேறு பக்கம் வேண்டும். லைனில் நிற்பவர்களில் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். இவர் தமிழில் எழுதி ஒட்டிய அளவுப் பட்டியலை அவர்களால் படிக்க முடியவில்லை. முதல் மாதம் எண்கள் எல்லாம் கற்பனையாக நிரப்பப்பட்டன. இருபது வருடம் கையால் மணலைப் பிடித்துப் பார்த்தே ஈரம் சொன்ன மேஸ்திரியை இவர் எல்லார் முன்னிலையிலும் மறுத்துப் பேசினார். அவர் அடுத்த வாரம் வேறு ஃபவுண்டரிக்குப் போய்விட்டார். ரிஜெக்‌ஷன் குறைந்தது உண்மை, ஒரு நல்ல ஆள் போனதும் உண்மை. ‘அதிகமாக உழைத்துவிடுவது என் பலவீனம்’ என்பது போன்ற வேஷத்தை இன்சியாட்டுக்கு எழுதவே கூடாது. மேஸ்திரி போன கதையை எழுத வேண்டும், அதற்குப் பிறகு தான் ஆட்களிடம் எப்படி மாறினார் என்பதோடு. படிவம் கடந்த பிறகு இரண்டு பழைய மாணவர்கள் தனித்தனியாகச் சந்திப்பார்கள். இந்த ஆளோடு சேர்ந்து வேலை பார்க்க முடியுமா என்பதுதான் அவர்கள் பார்ப்பது.

பரிந்துரைக் கடிதத்துக்கு நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ‘நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்பார் மேலதிகாரி. அப்படி எழுதிய கடிதம் கட்டுரையின் நடையிலேயே இருக்கும். தினமும் நூறு விண்ணப்பம் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். இன்சியாட்டுக்கு இரண்டு கடிதம். எம்.ஐ.டி.க்கு ஒன்று, கூடவே கூப்பிட்டுக் கேட்கத்தக்க இன்னும் இருவரின் தொடர்பு விவரம். பெரிய பதவிக்காரரைத் தேடிப் போகாமல், கூடவே வேலை பார்த்தவரிடம் மூன்று மாதம் முன்பே சொல்லி, நடந்த சம்பவங்களை நினைவுபடுத்தி, அவர் கையாலேயே எழுதவைக்க வேண்டும்.

நுழைவுத் தேர்வான ஜிமேட் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. 2023 இறுதியில் வந்த புதிய வடிவில் கட்டுரையும் ஜியோமெட்ரியும் போய், 45 நிமிடப் பகுதிகள் மூன்று இருக்கின்றன. கணக்கில் நாம் தேறிவிடுவோம். கணக்கு, மொழி இரண்டிலும் சமநிலையை இன்சியாட் எதிர்பார்க்கிறது. மொழிப் பகுதியில் விழுந்தால் கணக்கு காப்பாற்றாது.

பணத்துக்கு வருவோம். இன்சியாட்டின் மொத்தக் கட்டணம் ஒரு லட்சம் யூரோவை ஒட்டி, எம்.ஐ.டி.யில் ஓராண்டுக் கட்டணமே 85,000 டாலரைத் தாண்டும், அதுபோல இரண்டு ஆண்டு. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காமல் கடன் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான பிராடிஜி ஃபைனான்ஸை 2007-இல் தொடங்கியவர்கள் இன்சியாட்டின் பழைய மாணவர்களே. கடன் எங்கே கிடைக்கிறது என்பதை விட, அதை எந்த நாட்டுச் சம்பளத்தில் அடைக்கப்போகிறோம் என்பது பெரிய கேள்வி. அமெரிக்காவில் எம்.ஐ.டி. எம்.பி.ஏ. ஸ்டெம் வகையில் வருவதால், படிப்புக்குப் பின் 12 மாதமும் அதற்கு மேல் 24 மாதமும் வேலை பார்க்க வழி உண்டு. பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். ஆண்டுக்கு 85,000 இடம், கேட்பவர்கள் பல மடங்கு. சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் என்ற புள்ளி முறை வேலை அனுமதிக்கு நடைமுறையில் இருக்கிறது. அதில், ஒரு கம்பெனியில் ஏற்கெனவே இந்தியர்கள் நிறைய இருந்தால் புதிதாக வரும் இந்தியருக்குப் புள்ளி குறையும். சேர்க்கைக் கடிதம் வந்தபிறகு யோசிக்க வேண்டிய விஷயமில்லை இது.

தொழிற்சாலையை விட்டு விலகப் பிடிக்காதவருக்கு எம்.ஐ.டி.யில் இன்னொரு கதவு இருக்கிறது. நம் ஊரில் அதை அறிந்தவர்கள் குறைவு. 1988-இல் உற்பத்தித் துறைத் தலைவர்களுக்கான படிப்பாகத் தொடங்கி, இன்று எல்.ஜி.ஓ. என்று அழைக்கப்படும் இதில், இரண்டு ஆண்டில் எம்.பி.ஏ.வும் பொறியியல் முதுகலையும் சேர்ந்து கிடைக்கும். ஆறு மாதம் கூட்டாளி நிறுவனத்தின் தளத்தில் நேரடி வேலை. கட்டணத்தில் பெரும் பங்குக்கு உதவித்தொகை. விண்ணப்பக் கெடுவும் தனி. மணலையும் வார்ப்பையும் இன்னும் நேசிக்கிற அந்தக் கோயம்புத்தூர்ப் பொறியாளருக்கு நான் முதலில் சொல்வது எல்.ஜி.ஓ.தான். ஃபவுண்டரியே போதும் போதும் என்றாகி, ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு தொழிலை நடத்தும் ஆளாக ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், ஜனவரி அணிக்கு இன்சியாட். இரண்டுக்கும் போட நினைத்தால் முதலில் இன்சியாட்டின் கேள்விகளை எழுதிப் பார்க்கட்டும். அவை நேரம் பிடிக்கும். அவற்றை நேர்மையாக எழுதி முடித்தவருக்கு எம்.ஐ.டி.யின் 300 சொல்லில் எதை வைப்பது, எதை விடுவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.